கள்ளுக்கடையும் டோபமினும்: ‘இரத்தத்தில் ஊறியது’ என்பது சரியா?



“குடிப்பழக்கம் நம் இனத்தின் இரத்தத்திலேயே ஊறியது.” படிவம் ஐந்து மாணவன் ஒருவன் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கருத்துதான் பிழை. சிவப்பு மையில் கோடு போட்டால் மட்டும் போதுமா? கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் அறிவியலும் சேர்த்துப் பார்ப்போம், வாங்க.

முதலில் நம் பேராக் மண்ணின் கதை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம், மாலையில் லயம். தலைக்குமேல் கங்காணி, கிராணி, துரை. தோட்டத்துப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆனால் கள்ளுக்கடை? அது அரசாங்க உரிமத்தோடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது! பதினைந்து வயதில் பால் வெட்டப் போன பையனுக்கு எட்டும் தூரத்தில் இருந்த இன்பம் அதுதான்.

நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் ஒரு கோரிக்கை. அதை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். 1947இல் கெடா, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளை எதிர்த்துக் கிளம்பியது. அது போலீசாரோடு மோதலில் போய் முடிந்தது. குடி இரத்தத்தில் ஊறியது என்றால், குடியை எதிர்த்து நின்றவர்கள் யாருடைய இரத்தம்?

இப்போது மூளைக்குள் போவோம். இன்பம் கிடைக்கும்போதும், கிடைக்கும் என்று எதிர்பார்க்கும்போதும் மூளையில் டோபமின் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். டி1 முதல் டி5 வரை ஐந்து வகை உண்டு. எலிகளை ஆராய்ந்தபோது, பதின்ம வயதில் டி1, டி2 ஏற்பிகள் பெருகிப் பின்னர் குறைவது தெரிந்தது. மனிதரில், “பொறு, யோசி” என்று தடுக்கும் நெற்றிப்பகுதி முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதனால்தான் நண்பர்கள் பார்க்கும்போது பையன் மோட்டாரை இன்னும் முறுக்குகிறான். சிறு வயதிலேயே குடிக்கத் தொடங்குபவர் அடிமையாகும் வாய்ப்பும் கூடுதல். நாள்பட்ட போதையில் டி2 ஏற்பிகள் குறைந்து காணப்படுகின்றன. சாதாரண மகிழ்ச்சி சப்பென்று ஆகிவிடுகிறது.

ஏற்பிகள் பிறவியிலேயே முடிவானவையா? 2002இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பயன்பட்டவை நீண்டவால் குரங்குகள். நம் ஊர்ச் சாலையோரங்களில் திரியும் அதே இனம்தான். தனித்தனியாக இருந்தபோது அவற்றின் டி2 அளவில் பெரிய வேறுபாடு இல்லை. நான்கு நான்காகச் சேர்த்துவிட்டதும், கூட்டத்தில் மேலிடம் பிடித்தவற்றுக்கு அந்த அளவு உயர்ந்தது. அடங்கிப் போனவற்றுக்கு உயரவில்லை. கொக்கைன் எடுக்க வாய்ப்புக் கொடுத்தபோது, அடங்கிக் கிடந்தவையே அதிகம் எடுத்துக்கொண்டன.

குரங்கு வேறு, மனிதன் வேறு, ஒப்புக்கொள்கிறேன். மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஓர் இனத்தின்மேல் குத்தும் முத்திரை அல்ல. எல்லாருக்கும் கீழே நிறுத்திவைத்து, பக்கத்திலேயே கள்ளுக்கடையைத் திறந்துவிட்டு, பிறகு “இவன் குடிகாரன்” என்று சொல்வது என்ன நியாயம்?

தேர்வு மாணவர்களே, சமூகச் சிக்கல்களைப் பற்றி எழுதும்போது ‘இனத்தின் குணம்’ என்று எழுதாதீர்கள். காரணத்தை எழுதுங்கள், ஆண்டைக் குறிப்பிடுங்கள், எதிர்த்து நின்றவர்களின் பெயரையும் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால் வகுப்பின் கடைசி வரிசை மாறவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். காற்பந்துக் குழுவோ, பேச்சு மேடையோ, நூலகச் சாவியோ, எதுவாக இருந்தாலும் சரி. போதைக்கு முன்னால் அவனுக்கு ஒரு மதிப்பான இடம் கிடைக்கட்டும்.