சூளைக்கு வாயுவா, மின்சாரமா?

திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய விருத்தாசலம், பீங்கான் நகரம் என்று பெயரெடுத்தது சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என இங்கே சூளையேறும் பொருள்கள் பல. மின்சாரத்தைத் தடுப்பதற்கென்றே பிறந்த ஃபியூஸ் கட்டையை மின்சாரத்தாலேயே சுடுவதா, எரிவாயுவால் சுடுவதா என்ற கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். சிறு சூளைக்காரருக்கோ அது பிழைப்பு.

விறகுக் காலத்தில் இத்தேர்வே இல்லை. புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார் குயவனை விளிக்கிறார். அவன் சூளைப்புகை இருளைப்போலத் திரண்டு வானேறுகிறது. கிள்ளிவளவனுக்கு ஏற்ற தாழியை உன்னால் வனைய முடியுமா என்று கேட்கும் பாடல் அது. நமக்கு இங்கே வேண்டியது அந்தப் புகை மட்டுமே.

பக்கத்திலேயே நெய்வேலி. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1962இல் அனல்மின் உற்பத்தி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியின் மேலடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடந்தது. மண்ணும் மின்சாரமும் ஒரே குழியிலிருந்து வரும்போது மின்சூளையே போதுமே என்று தோன்றும்.

ஆனால் சூளைக்குள் நடப்பது வேறு. மின்கம்பி வெப்பத்தை மட்டுமே தரும். உள்ளிருக்கும் காற்றை அது மாற்றுவதில்லை. மண்ணிலுள்ள சிறிதளவு இரும்பு அக்காற்றின் உயிர்வளியோடு கூடிப் பீங்கானுக்கு இலேசான மஞ்சள் சாயலைத் தரும். வாயுச்சூளையிலோ காற்றைக் குறைத்து எரித்தால், சுவாலை இரும்பிடமிருந்தே உயிர்வளியைப் பறித்துக்கொள்ளும். வெண்மையில் மெல்லிய நீலம் படரும். சீனத்துப் பச்சைப் பீங்கானின் நிறமும் இவ்வழியில் பிறந்ததே. மின்சூளையில் இதைச் செய்யப்போனால் கம்பிகள் விரைவில் கெட்டுவிடும். எனினும் வெப்பம் சொன்னபடி கேட்பது மின்சூளையில்தான். வண்ணம் தீட்டிய பொம்மைக்கு நாம் அதையே சொல்வோம்.

விலை தனிக்கதை. குசராத்தின் மோர்பியில் நிலக்கரி வாயுவாக்கிகளை மூடுமாறு 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. டைல்ஸ் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி அதன் விலை ஏறவே, பல ஆலைகள் புரோப்பேனுக்குத் தாவின. எங்கோ நடக்கும் போர் இங்கே சூளையின் கணக்கை மாற்றிவிடுகிறது.

மின்சாரத்தை மட்டும் நம்பலாமா? 2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு. நெய்வேலிக்கு அண்டையூர் என்பதால் விருத்தாசலத்துக்குச் சலுகை ஏதும் இல்லை. மெருகு உருகுமுன் மின்சாரம் நின்றால், ஏற்றிய வெப்பமெல்லாம் வீண். அடுக்கிய பொம்மைகளோடு ஆறிப்போன சூளையை மறுபடி முதலிலிருந்து மூட்ட வேண்டும்.