கொல்லுதலும் கொல்வித்தலும்: திருவனந்தபுரத்தில் தொடரும் ஒரு பழைய வாதம்

2017 ஜூன் 8 அன்று திருவனந்தபுரத்தில் கேரளச் சட்டமன்றம் ஒரே ஒரு பொருளை விவாதிக்கச் சிறப்புக் கூட்டமாகக் கூடியது. அதே ஆண்டு மே 23 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகள், இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதைத் தடை செய்திருந்தன. அவ்விதிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது முதலமைச்சர் பினராயி விஜயன் கொண்டுவந்த தீர்மானம். அவைக்குள் நுழையும் முன் உறுப்பினர் பலர் சட்டமன்ற உணவகத்தில் மாட்டிறைச்சி வறுவல் உண்டு தம் எதிர்ப்பைக் காட்டினர். பாரதிய ஜனதாவின் ஒரே உறுப்பினரான நேமம் தொகுதியின் ஓ. ராஜகோபால் தவிர அவை தீர்மானத்தை ஆதரித்தது.

அன்றைய விவாதத்தில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. அவ்விதிகள் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை. எனவே அவை பேசியது விலங்கின் துன்பத்தை. அவற்றுக்கு எழுந்த மறுமொழியோ மாநில உரிமையையும் உணவுரிமையையும் உழவர் வாழ்வாதாரத்தையும் பேசியது. ஒரு தரப்பின் கேள்விக்கு மறு தரப்பு விடை கூறவில்லை; கேள்வியின் உள்நோக்கத்துக்கே விடை கூறியது. அந்த ஐயத்துக்குக் காரணங்கள் இருந்தன. ஆயினும் விலங்கைக் கொல்வது அறமா என்ற வினா இடையில் நழுவிப்போயிற்று. நனிசைவர்களுக்கும் இறைச்சி உண்போருக்கும் இடையே இன்று நிகழும் வாதங்களிற் பெரும்பாலானவை இதே போக்கில்தான் முடிகின்றன.

ஆனால் இதே நிலப்பகுதி அவ்வினாவை வேறொரு முறையில் விவாதித்த வரலாறும் உண்டு. அந்த வாதத்தின் அச்சு ஓர் இலக்கண விகுதி என்பது மொழியியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

தமிழ் இலக்கணம் வினைமுதலை இருவகையாகப் பகுக்கும். 'கொத்தன் கோயில் கட்டினான்' என்பதில் கொத்தன் இயற்றுதற் கருத்தா. 'அரசன் கோயில் கட்டினான்' என்பதில் அரசன் ஏவுதற் கருத்தா. வினைச்சொல் ஒன்றே; கல்லைத் தொட்ட கை வேறு, கட்டுவித்த கருத்து வேறு. நன்னூல் மேலும் ஒரு படி செல்கிறது. 'செய்' என்பதோடு 'வி' சேர்ந்தால் 'செய்வி'. அதனோடு 'பி'யும் சேர்ந்தால் 'செய்விப்பி'. ஏவல் ஒருவர் வழியாகவும் இருவர் வழியாகவும் செல்வதை விகுதிகள் எண்ணிக் காட்டுகின்றன. இவ்வாய்பாட்டில் 'கொல்' என்ற வினையை இட்டால் கொல், கொல்வி, கொல்விப்பி எனப் படிகள் அமையும். கசாப்புக்காரர், வணிகர், வாங்குபவர் என்னும் வரிசைக்கு இது பொருந்துகிறதா? இறைச்சியை விலைக்கு வாங்குபவர் ஏவுதற் கருத்தாவா, அல்லது முன்னரே முடிந்துபோன ஒரு செயலின் பயனை மட்டும் பெறுபவரா? புலால் பற்றிய விவாதம் முழுவதும் ஏறத்தாழ இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

தமிழில் இக்கேள்வி சமணருக்கும் பௌத்தருக்கும் இடையே கூர்மையடைந்தது. பௌத்த விநய மரபில், துறவி தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனை ஏற்கலாம். கொலைக்கும் உண்பவருக்கும் இடையே ஏவல் இல்லை என்பதே இவ்விதியின் உட்பொருள். சமணர் இதை ஏற்கவில்லை. 10ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகப் பலரும் கருதும் நீலகேசி, குண்டலகேசி தொடங்கிப் புத்தர் வரை பௌத்தத் தரப்பினர் பலரோடு சமணப் பெண் துறவி ஒருவர் நிகழ்த்தும் வாதங்களாக அமைந்த நூல். ஊன் உண்ணலும் அவ்வாதங்களில் ஒரு பொருள். காளிக்குப் பலியிட விலங்குகளைக் கொணர்ந்தவர்களிடம், அவற்றுக்கு மாற்றாக மண்ணால் செய்த உருவங்களைப் படைக்குமாறு முனிச்சந்திரர் என்னும் முனிவர் கூறுவதே அந்நூலின் கதைத் தொடக்கம். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் இதனை உரையுடன் பதிப்பித்தார்.

திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலால் மறுத்தலும் இவ்வினாவைத் தொடுகிறது. உண்பதற்காக உலகம் கொல்லாதாயின், விலைக்காக ஊன் தருவாரும் இரார் என்பது அதன் ஆறாம் குறளின் கருத்து. இங்கே ஒரு பாட வேறுபாடு உண்டு. சில பதிப்புகளில் 'கொல்லாது' என்றிருக்கும் இடத்தில் வேறு சிலவற்றில் 'கொள்ளாது' என்றிருக்கிறது. லகரம் ளகரமாயின் கொல்லுதல் வாங்குதலாகிவிடும். இரண்டு பாடங்களும் ஏறத்தாழ ஒரே வாதத்தைத் தருவது வியப்புக்குரியது. வாங்குவது கொல்விப்பதே எனில் எப்பாடத்தைக் கொண்டாலும் கருத்து சிதையாது. மற்றொன்று, இக்குறளின் எழுவாய் தனிமனிதர் அல்லர், உலகு. 'நான் ஒருவன் வாங்காவிட்டால் ஓர் ஆடாவது பிழைக்குமா?' என்பது இக்கால ஒழுக்கவியலில் இறைச்சி உண்போர் எழுப்பும் வலுவான வினா. குறள் ஒருவரின் வாங்குதலை அன்று, கூட்டான வாங்குதலைப் பேசுகிறது.

இவ்வாதம் திருவனந்தபுரத்தில் 19ஆம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது. நகரை அடுத்த செம்பழந்தியில் 1856இல் பிறந்த நாராயண குருவும், நகரின் கண்ணம்மூலைப் பகுதியில் 1853இல் பிறந்த சட்டம்பி சுவாமிகளும், தமிழரான தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்றவர்கள். இருவருக்கும் தமிழ் தெரியும். குரு திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தார். தமிழிலேயே பதிகங்களும் இயற்றினார். சட்டம்பி சுவாமிகள் 'ஜீவகாருண்ய நிரூபணம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். குரு 'ஜீவகாருண்ய பஞ்சகம்' என்னும் ஐந்து செய்யுள்களை இயற்றினார். வடலூரில் இராமலிங்க அடிகள் முன்வைத்த ஜீவகாருண்ய ஒழுக்கமும் இதே நூற்றாண்டைச் சேர்ந்தது.

பஞ்சகத்தின் நான்காம் செய்யுள் இங்கு முதன்மையானது. உண்ண ஆள் இல்லையெனில் கொல்லவும் ஆள் இல்லை என்ற குறளின் தருக்கத்தையே அது கையாள்கிறது. ஆனால் அங்கு நிற்கவில்லை. உண்பது கொல்லிப்பதாக இருப்பதால், அது கொல்வதினும் கொடிய பாவம் என்று முடிக்கிறது. மலையாளத்தின் 'கொல்லிக்குக' தமிழின் 'கொல்வித்தல்' ஆகும். பிறவினை விகுதி ஒன்று செய்யுளின் முழு எடையையும் தாங்குகிறது. தனக்கு நேர்ந்தால் விரும்பாத ஒன்றைப் பிற உயிருக்குச் செய்வது எப்படி அறமாகும் என்று மூன்றாம் செய்யுள் கேட்கிறது. ஐந்து செய்யுள்களிலும் தூய்மை, தீட்டு பற்றிய பேச்சு இல்லை.

இந்த இன்மையே முக்கியமானது. குருவின் இயக்கத்தை, மேல்சாதி வழக்கங்களை ஏற்று உயர முயன்ற சமஸ்கிருதமயமாக்கமாகச் சிலர் வாசிப்பதுண்டு. புலால் மறுப்பு அவ்வாசிப்புக்கு எளிதில் கிடைக்கும் சான்று. ஆனால் பஞ்சகத்தின் தருக்கம் அதற்கு இடம் தரவில்லை. தீட்டுக் கோட்பாட்டில் கீழ்ப்படியில் நிற்பவர் கொல்பவர், செத்த மாட்டைச் சுமப்பவர், தோலை உரிப்பவர். அப்பொருளின் பயனைத் தொலைவிலிருந்து பெறுபவருக்குக் கறை இல்லை. கோயில் வாயிலில் முழங்கும் செண்டையின் முகம் மாட்டுத்தோலால் ஆனது. அத்தோலைப் பதப்படுத்திய மனிதருக்கோ 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை அவ்வாயில் திறக்கவில்லை. குருவின் செய்யுள் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. குற்றம் கையிலிருந்து கருத்துக்கு, இயற்றுபவரிடமிருந்து ஏவுபவருக்கு மேலேறுகிறது. தூய்மைக் கோட்பாடு கொல்பவரை ஒதுக்கும். கொல்வித்தல் கோட்பாடு அவருக்குப் பின்னால் நிற்பவர் யார் எனத் தேடும். இரண்டும் ஒரே உணவுத் தட்டில் வந்து முடிந்தாலும் அவை எதிரெதிர் அறங்கள்.

இவ்வேறுபாடு பின்னர் மங்கியதற்குச் சொற்களும் ஒரு காரணம். பழந்தமிழ் இவ்வொழுக்கத்தைச் செயலின் பெயரால் சுட்டிற்று: புலால் மறுத்தல், கொல்லாமை. மலையாளம் 'சஸ்யாஹாரம்' என்று உணவுப் பொருளின் பெயரால் சுட்டுகிறது. 'மரக்கறி' என்ற தமிழ்ச் சொல்லும் அத்தகையதே. ஆனால் தமிழில் பெருவழக்காகிவிட்டது 'சைவம்'. அது ஒரு சமயத்தின் பெயர். நடைமுறையில் சில சாதிகளின் அடையாளமும் கூட. செயலைக் குறிக்கும் சொல் எவரையும் அழைக்கும். சார்பைக் குறிக்கும் சொல் உள்ளிருப்போரையும் வெளியிருப்போரையும் பிரிக்கும். இங்கிலாந்தில் 1944இல் டொனால்டு வாட்சனும் தோழர்களும் பால், முட்டை ஆகியவற்றையும் விலக்கியோருக்கு 'வீகன்' என்ற புதுச்சொல்லை உருவாக்கினர். அதற்குத் தமிழ் கண்ட 'நனிசைவம்' அச்சார்பை இன்னும் அழுத்தமாகச் சுமக்கிறது. 'சைவம் உயர்வா?' என்ற எரிச்சலோடு இறைச்சி உண்போர் மறுமொழி கூறுவதில் வியப்பில்லை. விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் கடலுக்குச் செல்லும் குடும்பத்தாருக்கு மீன் உணவு மட்டுமன்று, பிழைப்பும் கூட. அவர்களை நோக்கி வரும் அறவுரையில் நூற்றாண்டுகளின் இழிவுரையும் கலந்து ஒலிக்கிறது.

சட்டமும் இக்குழப்பத்திலிருந்து தப்பவில்லை. 1968இல் கேரளம் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தை இயற்றியது. கோயிலிலோ அதன் சுற்றிலோ தெய்வத்தை மகிழ்விக்கப் பலியிடுவது குற்றம். அதே ஆட்டை உண்பதற்காக அறுப்பது குற்றமன்று. 2020 ஜூலையில் இச்சட்டத்துக்கு எதிரான முறையீட்டை விசாரணைக்கு ஏற்றபோது உச்ச நீதிமன்றம் இம்முரணைச் சுட்டியது. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் இதே போன்ற சட்டம் 2003இல் முனைந்து நடைமுறைப்படுத்தப்பட்டு, நாட்டார் கோயில் வழிபாட்டினரின் எதிர்ப்பால் 2004இல் நீக்கப்பட்டது. ஆட்டின் நோக்கில் பலிபீடமும் அறுவைக் கூடமும் ஒன்றே. வேறுபாடு மனிதர் கண்ணுக்கு எது நாகரிகமாகத் தோன்றுகிறது என்பதில்தான் உள்ளது. கேரளக் கோயில்களில் இன்று 'குருதி' அல்லது 'குருசி' எனப்படும் வழிபாட்டு நீர் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீர். தமிழில் இரத்தம் என்று பொருள்படும் சொல் அங்கே இரத்தமே இல்லாத ஒன்றன் பெயராக நிலைத்திருக்கிறது. முனிச்சந்திரரின் மண் உருவங்களைப் போன்ற இம்மாற்றீடு, தெய்வத்தின் முன் கொலையை நிறுத்தியது, சந்தையில் நிறுத்தவில்லை.

இனி 2017க்குத் திரும்பலாம். விதிகளுக்கு எதிராகக் கேரளத்தில் முன்வைக்கப்பட்ட முதன்மையான வாதங்களுள் ஒன்று பொருளியல் சார்ந்தது. பால் வற்றிய மாட்டை விற்க இயலாவிட்டால் சிறு உழவர் புதிய மாடு வாங்க முடியாது. பால் உற்பத்தியே சரியும். இது முற்றிலும் சரியான கூற்று. நனிசைவர்கள் பாலையும் விலக்குவதற்குக் கூறும் காரணமும் இதுவே. கறவை மாடும் அதன் ஆண் கன்றும் இறுதியில் அறுவைக் கூடத்துக்கே செல்கின்றன. எனவே பாலை வாங்குபவரும் கொல்விப்பவரே என்பர். எதிரெதிர்த் தரப்பினர் ஒரே உண்மையைச் சான்றாகக் காட்டினர். ஆனால் இடையில் நின்ற ஒரு தரப்பு இவ்வுண்மையை எதிர்கொள்ளவே இல்லை: பாலையும் நெய்யையும் தூய உணவெனக் கொண்டு, இறைச்சியை மட்டும் இழிவெனக் கருதும் தரப்பு. நன்னூலின் வாய்பாட்டில் அவர்களுக்கும் 'கொல்விப்பி' என்ற படியில் இடம் உண்டு.

அவ்விதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30 அன்றே இடைக்காலத் தடை விதித்திருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. சட்டப் போராட்டம் ஓய்ந்தது. வினா ஓயவில்லை. அதை மீண்டும் எழுப்ப விரும்புவோர்க்குச் செம்பழந்தியில் பிறந்தவரின் செய்யுள் ஒரு வழி காட்டுகிறது. தீன்மேசையில் அமர்ந்திருப்பவரின் சாதியையோ சமயத்தையோ அது கேட்கவில்லை. கத்தி பிடித்தவரை இழிவாகப் பேசவும் இல்லை. தட்டில் இருப்பது யார் ஏவ, யார் கையால், எவ்வுயிரின் செலவில் வந்தது என்று மட்டுமே கேட்கிறது. இறைச்சி உண்பவர் இக்கேள்வியால் சினம் கொள்ள வேண்டியதில்லை. நனிசைவரும் பட்டு, தோல், மருந்து எனத் தம் வாழ்வின் பிற பொருள்களை நோக்கி இதே கேள்வியைத் திருப்பலாம். விடைகள் வேறுபடலாம்; ஆனால் அப்போதுதான் இரு தரப்பும் ஒரே வினாவுக்கு விடை கூறுவோராக இருப்பர்.