கோபுரத்துச் சிறுவர்கள்: ஐந்து நூற்றாண்டு வழக்கு

1483 ஏப்ரலில் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் இறந்தபோது மூத்த மகன் எட்வர்டுக்கு வயது 12, இளையவன் ரிச்சர்டுக்கு 9. காவலராக வந்த சித்தப்பா, பெற்றோரின் திருமணமே செல்லாது என்று காரணம் காட்டி, ஜூலையில் மூன்றாம் ரிச்சர்டாகத் தானே முடிசூட்டிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்ட சிறுவர்கள் அந்த ஆண்டுக்குள்ளேயே கண்ணில் படாமல் போனார்கள். 1485இல் பாஸ்வொர்த் போரில் ரிச்சர்ட் மாண்டார். ஏழாம் ஹென்றி அரியணை ஏறினார்.

பழி ரிச்சர்ட் தலையில் விழுந்தது. தாமஸ் மோர் கொலையை நேரில் கண்டவர்போல் விவரித்தார். ஷேக்ஸ்பியர் அதை மேடையேற்றினார். 1768இல் ஹொரேஸ் வால்போலும் 1906இல் கிளமென்ட்ஸ் மார்க்கமும் எழுதிய மறுப்புகள் படித்தவர் வட்டத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை.

அந்த மறுப்பைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசேர்த்தது 1951இல் ஜோசஃபின் டே எழுதிய 'தி டாட்டர் ஆஃப் டைம்' என்ற துப்பறியும் நாவல். கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஆலன் கிராண்ட், ரிச்சர்டின் உருவப்படத்தைப் பார்த்து, இது கொலைகாரன் முகமா என்று ஐயுறுகிறார். முகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எந்தக் காவல் நிலையத்திலும் எடுபடாது. நாவலின் பலம், சாட்சி யார், அவருக்கு எப்படித் தெரியும், யாருக்கு லாபம் என்று அவர் துருவத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சம்பவத்தின்போது மோர் ஐந்து வயதுக் குழந்தை. பின்னர் சிறுவனாக வளர்ந்ததோ ஹென்றியின் அமைச்சர் ஜான் மார்ட்டன் வீட்டில். ஆக, அவர் எழுதியது செவிவழிச் செய்தி, அதுவும் எதிர்த்தரப்புடையது. ஹென்றி மணந்தது சிறுவர்களின் அக்காவை. பெற்றோரின் திருமணம் செல்லாது என்ற சட்டத்தை அவளுக்காக ரத்து செய்தால் தம்பிகளின் உரிமையும் உயிர்பெறும். அவர்கள் உயிரோடிருப்பது அவருக்கு ஆகாது. கிராண்டின் விரல் ஹென்றியை நோக்கி நீள்கிறது.

மோரிடம் காட்டிய கறார், ஹென்றியைக் குற்றவாளி ஆக்கும்போது தளர்ந்துவிடுகிறது. 1483இல் லண்டனில் இருந்த இத்தாலியர் டொமினிக்கோ மான்சினி, மூத்த சிறுவன் கொல்லப்பட்டிருப்பானோ என்ற அச்சம் அப்போதே பரவியதாக எழுதியுள்ளார். ஹென்றி அப்போது இங்கிலாந்துக்கு வெளியே, பிரிட்டனியில் அகதி. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கிராண்டின் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் 1990இல் பிரிட்டிஷ் குற்றப் புனைகதை எழுத்தாளர் சங்கம் வெளியிட்ட தலைசிறந்த நூறு நூல்களின் பட்டியலில் இந்நாவலுக்கே முதலிடம்.

2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுச் சோதனை அடையாளத்தை உறுதிசெய்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது; உடல்குறையைப் பெரிதுபடுத்திய, ஹென்றியின் ட்யூடர் வம்சக் காலத்தவர் அதை முழுக்கக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. சிறுவர்களுடையவை என்று கருதி, 1674இல் கோபுரப் படிக்கட்டின் அடியில் கண்டெடுத்த எலும்புகள் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ளன. 1933இல் ஒருமுறை திறந்து ஆராய்ந்தார்கள். மரபணுச் சோதனைக்கு அவை உட்படுத்தப்படவில்லை.