துண்டுச் சீட்டு: ஆளைக் கட்டும் கணக்கு குறித்துச் சில குறிப்புகள்

1

கூலியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கூலி எவ்வளவு குறைவு என்பதையே எழுதியிருக்கின்றன. கூலியை ஏற விடாமல் பிடித்து நிறுத்தியது யார், எந்தக் கருவியைக் கொண்டு நிறுத்தினார்கள் என்ற கேள்வி அதே அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. 'ஆள் மலிஞ்சு கெடந்துச்சு, கூலியும் மலிஞ்சுது' என்ற எளிய சமன்பாடு நமது இடதுசாரி எழுத்திலும் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது.

தோட்டங்களின் வரலாறு இந்தச் சமன்பாட்டுக்கு நேர் எதிரானது. சேர்வராயன் மலையாகட்டும், நீலகிரியாகட்டும், கடல் தாண்டிக் கண்டியாகட்டும், தோட்ட முதலாளிகள் ஓயாமல் புலம்பியது ஆள் பற்றாக்குறையைப் பற்றித்தான். சரக்கு அரிதானால் விலை ஏறும் என்று அவர்களுடைய அரசியல் பொருளாதாரமே சொன்னது. ஆனால் கூலி ஏறவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குச் சற்றுத் தூரத்திலிருந்து ஒரு வெளிச்சம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். விளையாட்டு வீரர்களின் சம்பள உச்சவரம்பைத்தான் சொல்கிறேன். 'கோடிக்கணக்குல வாங்குறவனையும் காப்பிக்காட்டுக் கூலியையும் ஒண்ணாப் பேசலாமாய்யா?' என்று வாசகர் கேட்கலாம். துன்பத்தை நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது வடிவத்தை மட்டுமே. ஆளுக்காகப் போட்டியிட வேண்டிய முதலாளிகள் தங்களுக்குள் போட்டியை நிறுத்திக்கொள்ள எழுதிக்கொண்ட விதிகளின் வடிவம் அது.

2

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் காபியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். மலையில் ஏற்கெனவே மலையாளிப் பழங்குடியினர் இருந்தார்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொள்ளக் கையளவு நிலமாவது இருந்தவர்கள். பசிக்கு வேறு வழி இருக்கிறவன் பிரட்டுக்கு ஒழுங்காக வரமாட்டான். அவன் வேண்டும்போது வருவான், விதைப்புக்கும் திருவிழாவுக்கும் போய்விடுவான். காலனிய எழுத்து இதைச் 'சோம்பல்' என்று பெயரிட்டது. கட்டுப்படாத ஆள் என்று நாம் வாசிக்க வேண்டிய இடம் இது.

ஆகவே கீழ்நாட்டிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிப்பதற்கு மேஸ்திரி, கங்காணி, கட்டிப்போடுவதற்கு முன்பணம். முன்பணம் வாங்கியவன் வேலைக்கு வராவிட்டால் அது வெறும் கடன் தகராறாக நிற்கவில்லை. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் அதைக் குற்றமாக்கியது. மாஜிஸ்திரேட் முன்பணத்தைத் திருப்பச் சொல்லலாம், அல்லது போய் வேலை செய் என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. மதராஸ் மாகாணத்துத் தோட்ட முதலாளிகள் இதுவும் போதாதென்று 1903இல் தங்களுக்கென்று தனியாக ஒரு தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் பெற்றார்கள்.

சட்டம் தொழிலாளியைக் கட்டியது. ஆனால் பக்கத்துத் தோட்டத்து துரையை யார் கட்டுவது? காலணா கூடக் கொடுத்து இந்தத் தோட்டத்து ஆளை அந்தத் தோட்டத்துக்காரன் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? இங்கேதான் சங்கம் வருகிறது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் ஐக்கிய சங்கம், அதாவது 'உபாசி', 1893இல் பெங்களூரில் உருவானது. சேர்வராயன் தோட்ட முதலாளிகள் சங்கம் அதன் உறுப்புச் சங்கங்களில் ஒன்று. தொழிலாளர் சங்கம் என்ற சொல்லே இந்த மலைகளுக்கு ஏறிவராத காலத்தில் முதலாளிகள் சங்கமாகிவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாளிகள் கூலியை ஏற்றாமலிருக்க எப்போதும் எங்கும் மௌனமாகக் கூடியே இருக்கிறார்கள் என்ற பொருளில் ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதியிருந்தார். தோட்டங்களில் அந்த மௌனத்துக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

3

இலங்கையில் இது இன்னும் துல்லியமான ஒரு வடிவத்தை எடுத்தது. அங்கே போன ஆட்களில் சேலம் ஜில்லாக்காரர்களும் ஏராளம். 1904இல் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் திருச்சியில் அலுவலகம் போட்டு உட்கார்ந்ததே இந்த ஜில்லாக்களை நம்பித்தான். அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. நம்முடைய சொல்தான், ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே புழங்கியது. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துரையிடம் துண்டு கேட்பான். 'இவன் கணக்கில் இவ்வளவு ரூபாய் கடன் நிற்கிறது. அதைக் கட்டினால் இவனையும் இவன் ஆட்களையும் விடுவிக்கிறோம்' என்று அதில் எழுதியிருக்கும். கங்காணி துண்டோடு தோட்டம் தோட்டமாகப் போவான். ஆள் தேவைப்படும் துரை கடனைக் கட்டி எடுத்துக்கொள்வான்.

இன்றைய கால்பந்து மொழியில் இதற்குப் பெயர் 'டிரான்ஸ்ஃபர் தொகை'. ஆளுக்காக முதலாளிகள் கொடுத்த விலை ஆளின் கைக்குப் போகவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அது பழைய தோட்டத்துக்குப் போனது, கொஞ்சம் கங்காணியிடம் தங்கியது. தொழிலாளி கணக்கில் அது கடனாக ஏறியது. சந்தையில் அவன் விலை ஏற ஏற அவனுடைய கடன் ஏறியது! ஆள் பற்றாக்குறை இருந்தும் கூலி ஏறாததன் இயந்திரம் இது. போட்டி முழுக்க நின்றுவிடவில்லை; அதன் பலன் கூலி என்ற தலைப்பில் எழுதப்படாமல் கடன் என்ற தலைப்பில் எழுதப்பட்டது. 1921இல் துண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இங்கே 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1926 ஏப்ரலில்தான் செத்தது. அறுபத்தாறு வருஷம்.

4

உபாசி பிறந்த அதே 1893இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக், ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடுவிக்காமல் வீரன் வேறு கிளப்புக்குப் போக முடியாது என்ற விதியைக் கொண்டுவந்தது. 1901இல் வாரச் சம்பளம் நாலு பவுனுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. ஆளைக் கட்டு, பிறகு கூலியைக் கட்டு என்ற வரிசை மாறவேயில்லை. ஒரே சாம்ராஜ்யத்தின் ஒரே காலத்துப் புத்தி இரண்டு இடங்களில் வேலை செய்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

அறுபது வருஷம் கழித்து, உச்சவரம்பு 20 பவுனாக இருந்தபோது, ஜிம்மி ஹில் தலைமையிலிருந்த வீரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டிய பிறகே 1961 ஜனவரியில் அது ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் வாங்கினார். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கிளப்போடு நடத்திய வழக்கில் 1963இல் பிடித்துவைக்கும் விதி நியாயமற்றது என்று தீர்ப்பானது. ஒப்பந்தம் முடிந்தவனுக்கும் விலை கேட்கும் வழக்கம் ஐரோப்பிய நீதிமன்றத்தில் உடைய 1995 டிசம்பர் வரை, போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) வேறு பாதையில் போனது. 1987 வேலைநிறுத்தம் தோற்றது. சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் 1992இல் வென்றது. அதன் விளைவாக 1993இல் ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வந்தது. விலையாக, 1994இல் அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் வந்தது. முதல் வருஷம் 3 கோடியே 46 லட்சம் டாலர், 2025இல் 27 கோடியே 92 லட்சம்.

அங்கே ஒவ்வொரு மார்ச் மாதமும் நடக்கும் கணக்கு வேலை சுவாரஸ்யமானது. ஒரு வீரருக்கு 20 கோடி முன்பணம், 5 வருஷ ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்புக் கணக்கில் வருஷத்துக்கு 4 கோடியாகப் பிரித்து எழுதலாம். இரண்டு வருஷத்தில் அவரைக் கழற்றிவிட்டால் மீதி 12 கோடி அணியின் கணக்கிலேயே நிற்கும், புது ஆள் எடுக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு. அதற்குப் பெயரே 'செத்த பணம்'. துண்டோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் முன்பணம், இங்கேயும் முன்பணம். சேர்வராயன் மலையில் செத்த பணத்தைத் தொழிலாளி சுமந்தான், சில சமயம் சிறைக்கும் போனான். அமெரிக்கக் கால்பந்தில் அதை முதலாளி சுமக்கிறான். நடுவில் இருக்கும் வித்தியாசம் சங்கம் உட்கார்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம். வருமானத்தில் ஏறத்தாழ 48 சதவீதம் வீரர்களுக்கு என்றும், உச்சவரம்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தையாவது செலவழித்தே ஆக வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கூரை போட்டவர்கள் தரையும் போட வேண்டியிருந்தது. இதை சொர்க்கம் என்று சொல்லவில்லை. முழு உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் அங்கே இன்றும் அரிது.

5

நம்மூருக்கு வருவோம். 2008இல் ஐபிஎல் ஏலம் தொடங்கியபோது அணிக்கு 50 லட்சம் டாலர் உச்சவரம்பு. 2025இல் 120 கோடி ரூபாய். ஏற்காட்டு மலை நிற்கும் அதே சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2025 பருவத்துக்கு டெல்லி எடுத்த விலை 10 கோடியே 75 லட்சம். விசைத்தறிக்காரர் மகன் இந்த உயரத்துக்குப் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விதிகளைப் படியுங்கள். ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகு தகுந்த காரணமின்றி விலகினால் இரண்டு பருவம் தடை என்று 2024இல் விதி வந்தது. 1859இன் வாசனை அடிக்கவில்லையா? வெளிநாட்டு வீரரைச் சிறு ஏலத்தில் எவ்வளவுக்குக் கேட்டாலும் அவர் கைக்கு ஒரு வரம்புக்கு மேல் போகாது. 2025 டிசம்பரில் கேமரன் கிரீனைக் கொல்கத்தா 25 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. அவருக்கு 18 கோடி, மீதி வாரியத்தின் வீரர் நல நிதிக்கு. 'நலன்' என்ற சொல்லின் கீழ் உழைத்தவன் விலை வேறொருவர் கணக்குக்குப் போகிறது. இதையெல்லாம் எழுதியது வாரியம். 2019இல் வந்த இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவனுக்குச் சங்கம் கிடையாது.

கோடிகளை விடுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக்கொன்ற தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர். அவர்களில் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தார்கள். சாமை விதைத்துக்கொண்டு பிரட்டுக்குக் கட்டுப்படாமல் இருந்த அதே இனக்குழு. நிலமும் காடும் கைவிட்டுப் போன பிறகு, தரகன் நீட்டும் முன்பணம்தான் மலையிலிருந்து ஆளை இறக்குகிறது. அவன் மலையிறங்கிப் போன இடைவெளியில் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது, அதுவும் தரகன் வழியாகத்தான். துண்டு ஒழிந்து நூறு வருஷமாகிவிட்டது, துண்டின் இலக்கணம் ஒழியவில்லை.

ஆகவே உச்சவரம்பு என்றாலே கெடுதல் என்றோ, சுதந்திரச் சந்தை வந்தால் விடுதலை என்றோ நான் சொல்லவில்லை. இரண்டுமே முதலாளிகளின் பிரதிகள். கூலியைப் பற்றிய எந்த விதி வந்தாலும் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடலாம். இதை எழுதிய மேசையில் உழைப்பவன் உட்கார்ந்திருந்தானா? கூரை போட்டவர்கள் தரை போட்டார்களா? செத்த பணம் யார் தலையில்? கணக்குப் புத்தகம் யாருக்குத் திறந்திருக்கிறது? தோட்டத்துக் கூலிப் பேச்சுவார்த்தையில் உட்காரும் தோழர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் கேட்டுவிடுகிறார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் தரகனிடமும் சேர்த்துக் கேட்க வேண்டிய காலம் இது. வடக்கிலிருந்து வந்து லயனில் தங்கியிருப்பவனை, அவன் மொழி தெரியாவிட்டாலும், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.