ஹோர்ட்டன் சமவெளி

நுவரெலியா நகருக்குத் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் முகில்காடும் கலந்து கிடக்கும் மேட்டுநிலம். சிங்களத்தில் இதன் பழைய பெயர் மஹா எலிய. பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தவும், மூன்றாவதான தொட்டுபொல கந்தவும் இதன் எல்லைக்குள்ளேயே எழுகின்றன. தென் விளிம்பில் நிலம் திடீரென அறுந்து 870 மீட்டருக்குக் கீழே விழுகிறது. உல்லாசப் பயணிகள் தேடிவரும் ‘உலக முடிவு’ அதுதான். ஒன்பது, பத்து மணிக்குள் போகாதவர்களுக்கு அங்கே பெரும்பாலும் வெள்ளை மூட்டம்தான் காட்சி.

பெயர் சமவெளி என்றாலும் சமமான நிலம் இங்கே குறைவு. தாழ்ந்த மேடுகள், அவற்றின் இடுக்கில் கருமண் ஊறிய பள்ளங்கள், பள்ளத்தின் நடுவே சத்தமில்லாமல் ஓடும் தெளிந்த ஓடைகள். மேட்டு முதுகில் காடு, பள்ளத்தில் புல். இங்கிலாந்தின் டார்ட்மூர், எக்ஸ்மூர் போன்ற மேட்டுப் புல்வெளிகளில் நடந்து பழகிய கண்ணுக்கு இந்த இடம் அந்நியமாகத் தெரிந்திருக்காது. அதே குளிர், அதே மூடுபனி, அதே மரமற்ற பள்ளத்தாக்கு. டார்ட்மூரின் மிக உயர்ந்த இடமே 621 மீட்டர்தான் என்பதும், இது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகைக்குள் கிடக்கும் வெப்பமண்டல மலை என்பதும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள். கண்ணுக்குத் தெரிந்த சாயலை நம்பியே வெள்ளைக்காரர்கள் இங்கே பலவற்றைச் செய்தார்கள். அவற்றின் விளைவு இன்றும் ஓடையிலும் புல்லிலும் இருக்கிறது.

ஆனால் இந்த நிலத்தின் வரலாறு அவர்களோடு தொடங்கவில்லை. பலாங்கொடைப் பண்பாடு எனப்படும் கற்கால மக்களின் கருவிகள் இங்கே கிடைத்திருக்கின்றன. சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்த ரத்னசிறி பிரேமதிலக, 24,000 ஆண்டுகாலத் தாவர மாற்றங்களை அதிலிருந்து படித்தெடுத்தார். பனியுகம் முடிவதற்கு முன்பே மனிதர்கள் இங்கே தீ மூட்டினார்கள், மேய்ச்சல் நடத்தினார்கள், பார்லி, ஓட்ஸ் இனப் புற்களைப் பேணினார்கள் என்பது அவரது வாதம். எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல அது. என்றாலும், மனிதக் கால் படாத கன்னி நிலம் என்ற விளம்பர வாசகத்தைச் சந்தேகிக்க அது போதும்.

இதையொட்டிய பழைய வழக்கு ஒன்று இன்னும் தீரவில்லை: பத்தனை எனப்படும் இந்தப் புல்வெளிகள் இயற்கையாக உண்டானவையா, காட்டைக் கொளுத்தியதால் வந்தவையா? 1899இல் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியல் பற்றி எழுதிய பியர்சன் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. ஜனவரி, பெப்ரவரி மாத இரவுகளில் குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். விடியும்போது புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். மர நாற்று அதில் கருகிப்போகும், புல்லோ வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இதே உறைபனிதான் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்தைக் கருக்குகிறது. நீர் தேங்கிய புளித்த கருமண்ணும் மரத்துக்கு ஆகாது. இந்த இரண்டோடு அவ்வப்போது தீயும் சேர்ந்துகொள்ள, புல் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஒரே காரணத்தைச் சொல்லி வழக்கை முடிப்பவர்களை நம்பாமல் இருப்பதே நல்லது.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. அவர்களின் இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1819இல் நுவரெலியாவை எட்டினார். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1834இல், வில்லியம் ஃபிஷர், அல்பர்ட் வொட்சன் என்ற இரண்டு படையதிகாரிகள் மஹா எலியவுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டன் (1831–1837). ஏற்கெனவே பெயருள்ள ஓர் இடம் ‘கண்டுபிடிக்கப்பட்டு’, ஆளுநரின் பெயரைச் சூட்டிக்கொண்டது.

பின்னாலேயே துப்பாக்கி வந்தது. பதுளையில் அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகப் பெயர் பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அந்த எண்ணிக்கையில் வேட்டைக்காரர் வாய்ப்பந்தல் எவ்வளவு என்பது வேறு விஷயம். யானையைச் சுடுவது அன்று ஒரு பொழுதுபோக்கு. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை. 1940களுக்குள் அவை முற்றாக மறைந்துவிட்டன.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் கதை இன்னும் விசித்திரமானது. நோய் தேறிக்கொள்ள வந்தவருக்கு அந்தக் குளிர் பிடித்துப்போயிற்று. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், மாடு, ஆடு, விதை, கொல்லர், வேட்டைநாய் என்று ஒரு முழுக் கிராமத்தையே கப்பலேற்றிக் கொண்டுவந்தார். எக்ஸ்மூரில் செம்மானை நாய்விட்டுத் துரத்துவார்கள். இங்கே பேக்கர் மரையை நாய்விட்டுத் துரத்தி, ஓடைக்குள் மடக்கி, கத்தியால் குத்திக் கொன்றார். அதைப் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் அல்பர்ட் ஏரியைத் தேடிப்போய்ப் புகழ்பெற்றவரும் அவரே. பெலிஹுல் ஓயா 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இடத்துக்குப் பேக்கர் அருவி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. தோமஸ் ஃபார் என்ற துரையின் பெயரைத் தாங்கிய வேட்டை விடுதியான ஃபார் இன், இப்போது பார்வையாளர் நிலையம்.

வேட்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், கீழே மலைகளின் முகமே மாறிக்கொண்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கிற்று. அந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்களின் கைகளால் காடு வெட்டிச் சாய்க்கப்பட்டது. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பரீட்சித்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டங்கள் மேலே மேலே ஏறின. ஹோர்ட்டன் சமவெளியும் அந்த வரிசையில் போயிருக்க வேண்டியதே.

போகவில்லை. 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசஃப் டால்டன் ஹூக்கரின் ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. மிருகங்கள் மேல் வந்த இரக்கம் அல்ல அது. உச்சிக் காடு போனால் மழையும் ஊற்றும் கெடும், தோட்டங்களுக்கே தண்ணீர் இருக்காது என்ற கணக்கு. ஆணை எல்லா இடத்திலும் கறாராக நின்றதும் இல்லை. நுவரெலியாவின் பீட்ரு தோட்டம் 6,000 அடிக்கும் மேலே இருக்கிறது. ஆனால் இந்த மேட்டுநிலம் தப்பியதற்கு அந்தக் காகிதம் பெரிய காரணம்.

ஹூக்கரின் கணக்கு சரியென்று ஆறுகளே சொல்கின்றன. இங்குள்ள மரங்கள் குட்டையானவை, முறுக்கியவை. உச்சி குடை போல் தட்டையாகவும் இலைகள் சிறிதாகவும் தடித்தும் இருக்கும். கிளையெல்லாம் பாசியும் தொங்குதாடியும். ஓடிப்போகும் மேகம் இந்தப் பாசியில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் காட்டுக்குள் மண் ஈரம். இங்கே பிறக்கும் அக்ரா ஓயா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்கள் வழியே இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல்கொத்மலை மின்நிலையம் சுழல்வதும் இந்தக் கிளையின் நீரில்தான். பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் களனியோடு கொழும்புக்கும், தெற்கே விழும் பெலிஹுல் ஓயா வளவை கங்கைக்கும் போகின்றன. தீவின் மூன்று பெரிய ஆறுகளுக்கு இது தலைமாடு. உச்சியிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் வந்து தொடும் ஊர்கள் அக்கரப்பத்தனையும் டயகமவும்; அங்கே லயத்து வாசலில் ஓடுவது அந்தத் தண்ணீர்தான்.

இந்தத் தண்ணீரில் வெள்ளைக்காரர்கள் மீனையும் விட்டார்கள். 1880களில் பிரவுண் டிரவுட், பின்னர் ரெயின்போ டிரவுட். தூண்டில் போடும் துரைமாருக்காக 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. நீலகிரியிலும் இதே ஆசை இருந்தது. 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுபொரிப்பகம் வைத்தார்கள். பெரிய இரைகொல்லி மீன் இல்லாத ஓடைகளில் டிரவுட் ராஜாவாயிற்று. உலகில் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர் ஓடைகளில் மட்டுமே வாழும் விரலளவுகூட இல்லாத நன்னீர் இறால் ஒன்று இருக்கிறது. அதற்கு இன்றுள்ள ஆபத்துகளில் இந்த விருந்தாளியும் ஒன்று.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலம் முழுதாகத் தப்பவில்லை. 1960களில் ஃபார் இன் பக்கத்துப் புல்வெளியை உழுது விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். 1969 டிசம்பர் 5ஆம் திகதி வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 1988 மார்ச் 16இல் தேசிய பூங்கா. 2010இல், சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

யானை போனபின் இங்கே பெரிய மிருகம் மரை. ஒரு கணிப்பின்படி 1,500 முதல் 2,000 வரை. மாலை மங்கும்போது காட்டோரத்திலிருந்து கூட்டங்கூட்டமாகப் புல்லுக்கு இறங்கும். கிடாவின் கழுத்து மயிரில் சேறு காய்ந்திருக்கும். வாகனத் தரிப்பிடத்தில் பாணும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்கியதில் சில மரைகள் மனிதரைக் கண்டு நகர்வதே இல்லை. செத்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் கண்டதும் வாசலில் சோதனை வந்தது. உத்தியோகத்தர்கள் பையைத் திறக்கச் சொல்லி, பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து, உறையை வாங்கிக்கொண்டு, கடதாசிப் பையில் போட்டுத் தருகிறார்கள். முணுமுணுக்காத பயணி அபூர்வம்.

மரையைத் தின்னும் சிறுத்தை பூங்கா எல்லையோடு நிற்பதில்லை. அட்டன், டிக்கோயா, பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய துண்டுக் காடுகளிலும், ஆள் போகாத தேயிலை மலைகளிலும் அது குட்டி போடுகிறது. கொழுந்து பறிக்கப் போன தொழிலாளர்களை அது தாக்கிய சம்பவங்கள் உண்டு. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அது மாட்டுவதும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டம் ஒன்றில் அப்படிச் சுருக்கில் சிக்கியது ஒரு கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாட்களில் இறந்தது. காட்டை வெட்டி வாழ்வு கட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளும், காடு இழந்த மிருகமும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டியிருக்கிறது. இதில் குற்றத்தைத் தொழிலாளி தலையில் மட்டும் கட்டுவது சுலபம், நியாயமல்ல.

சிறிய உயிர்களின் கணக்கு இன்னும் வியப்பு. அடர்ந்த மயிர்ப்போர்வை கொண்ட மலைத் தேவாங்கை ஒரு கிளையினமாக 1942இல் ஒஸ்மன் ஹில் விவரித்தார். பிறகு அது கண்ணில் படவே இல்லை. அழிந்தது என்றே எண்ணினர். 2002இல் ஒருமுறை தென்பட்டது. 2009இல், முதன்முறையாகப் புகைப்படத்தில் விழுந்தது. மூக்கில் கொம்பு முளைத்த ஓணான், சீட்டி அடிக்கும் நீலப் பூங்குருவி, மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி எல்லாம் இத்தீவின் மலைகளுக்கே உரியவை. ‘நெலு’ என்று சிங்களத்தில் சொல்லப்படும் குறிஞ்சி இனச் செடிகள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை காட்டடி முழுதும் ஒன்றாகப் பூத்து, விதைத்து, ஒன்றாகச் சாகின்றன. 2013இல் அப்படிப் பூத்தன. விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் படையெடுத்து வந்து பொறுக்கும்.

காடு நோயிலும் கிடக்கிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து உச்சிக் காட்டு மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதைக் கவனித்திருக்கிறார்கள். தொட்டுபொல சரிவில் வெளுத்த எலும்புக்கூடுகளாக நிற்கும் மரங்களைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். வறட்சி, மண்ணின் நஞ்சு, பூஞ்சை, காற்று மாசு என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன; ஆய்வாளர்களிடம் ஒருமித்த முடிவு இல்லை.

இங்கிலாந்தின் மேட்டுப் புல்வெளியிலிருந்து வந்த இன்னொரு வரவு கோர்ஸ் என்னும் முட்செடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்து, மஞ்சள் பூவும் ஊசி முள்ளுமாகப் பத்தனையின் நடுவே புதர் புதராகப் படர்ந்துவிட்டது. ஊட்டியிலும் இதே தொல்லை. அதன் அடியில் உள்ளூர்ப் புல் முளைப்பதில்லை. வெட்டினால் அடிக்கட்டை தழைக்கும். கொளுத்தினால் மண்ணுக்குள் கிடக்கும் விதை இன்னும் வேகமாக முளைக்கும், அந்த விதைக்கு முப்பது ஆண்டு கழிந்தும் உயிர் இருக்கும். வனஜீவராசிகள் திணைக்களத்தாரும் தொண்டர்களும் கையுறை மாட்டிக்கொண்டு அதை வேரோடு பிடுங்குகிறார்கள். பிடுங்கிய அதே இடத்துக்கு அடுத்த ஆண்டும் போக வேண்டியிருக்கிறது.