இசைத்தட்டுகளும் இஸ்னாதும்

மறைமலை நகரில் நாம் குடியிருக்கும் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் அவருக்குப் பணி. இரண்டாம் முறை வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பினாலும் சுப்ஹுத் தொழுகைக்குத் தவறாதவர். ஒருநாள் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்தபின் நம் அருகே வந்தமர்ந்து, "ஹஜ்ரத், ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சிரிக்கக் கூடாது" என்று சொல்லித் தடித்த குறிப்பேடு ஒன்றை விரித்தார்.

கட்டம் போட்ட பக்கங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இசைத்தட்டின் பெயர், வெளியான ஆண்டு, வெளியிட்ட கம்பெனி, தட்டின் எண், இரு பக்கங்களிலும் உள்ள பாடல்கள், எழுதியவர், இசைத்தவர், பதிவான இடம். யாருடைய தட்டுகள் என்று கேட்டோம். 'தி கிளாஷ்' என்னும் லண்டன் குழுவினுடையவை என்றார். 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய, பங்க் ராக் என்று பெயர் பெற்ற முரட்டு இசையைச் சேர்ந்த குழுவாம். வேலையற்ற வாலிபர்களின் சினமே அந்த இசையின் பொருள் என்றும் விளக்கினார்.

நாம் சிரிக்கத்தான் செய்தோம். அரபு இலக்கணம் கற்பிப்பவனிடம் கொண்டுவந்து காட்டும் பொருளா இது என்றும் எண்ணினோம். ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட நம் சிரிப்பு அடங்கிற்று.

அக்குழுவின் முதல் நெடுந்தட்டு 1977-இல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதே பெயரில், ஏறக்குறைய அதே முகப்புடன், 1979-இல் அமெரிக்காவிலும் வெளியாயிற்று. ஆயின் அமெரிக்கத் தட்டில் நான்கு பாடல்களை நீக்கிவிட்டு, வேறு ஐந்தைச் சேர்த்துவிட்டனர். பெயரை மட்டும் நம்புகிறவன் இரண்டையும் ஒன்றென்றே எழுதிவிடுவான். தட்டைக் கையிலெடுத்து இரு பக்கமும் படிப்பவனுக்கே வேற்றுமை விளங்கும். 'பஸ்காக்ஸ்' என்னும் மான்செஸ்டர் நகரக் குழுவோ, 1977 ஜனவரியில் கடன் வாங்கிய பணத்தில் தாங்களே ஒரு சிறு தட்டை வெளியிட்டது. முதலில் அடித்தவை 1,000 படிகள்; பாடல்கள் நான்கு. அதன் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை பாடியபோது பதிவானது என்பதையும் அச்சிட்டிருந்தனர். பெரிய கம்பெனியின் பதிவேடு தமக்கு வாய்க்காதெனக் கண்ட எளியவர்கள், தம் பதிவேட்டைத் தட்டின் உறையிலேயே எழுதிக்கொண்டனர்!

"இதில் உமக்கென்ன இத்தனை ஈடுபாடு, தம்பி?" என்று கேட்டோம். "தொழிற்சாலையில் நான் செய்வதும் இதுதானே ஹஜ்ரத்! ஓர் உதிரிபாகம் உடைந்து திரும்பி வந்தால், அதில் பொறித்த எண்ணைப் பார்த்து, எந்த அச்சில், எந்த நாளில் வார்த்தது என்று கண்டுபிடிக்கிறோம். இசைத்தட்டும் அச்சில் வார்த்ததுதான். அதிலும் எண் இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பழைய 78 சுற்று இசைத்தட்டு பெரும்பாலும் அரக்கைக் கொண்டு செய்யப்பட்டது; கை தவறினால் உடையும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். அதற்கு மேல் நீண்ட பாட்டை இரண்டாக வெட்டி, முதற்பாகம் ஒரு பக்கமும் இரண்டாம் பாகம் மறுபக்கமுமாகப் பதிவர். நடுவிலுள்ள வட்டத் தாளில் அச்சிட்டிருப்பது விற்பனை எண். இரு பக்கத்துக்கும் அது ஒன்றே. பாட்டு முடியும் இடத்தில், கோடுகளற்ற உள்வளையத்தில், பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் இன்னோர் எண் பொறித்திருக்கும். அதுவே அச்சு எண், பதிவின் அடையாளம். பழைய பதிவையே புதிய விற்பனை எண்ணில் மறுபடி வெளியிட்டால் அச்சு எண் பெரும்பாலும் மாறாது. பாடகர் அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிந்தால் அது மாறும். 78 சுற்றுத் தட்டுகளில் ஆண்டு அச்சிடும் வழக்கம் அரிது. ஆகவே ஒரு தட்டின் அச்சு எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களில் ஆண்டு தெரிந்த பதிவு ஏதேனும் உண்டா என்று தேடி, அதைக்கொண்டே காலத்தைக் கணிக்கின்றனர்.

இந்தத் துறைக்கு வயது நூறுகூட ஆகவில்லை. பாரிஸைச் சேர்ந்த சார்ல்ஸ் தெலோனே ஜாஸ் இசைத்தட்டுகளின் பட்டியலை 1936-இல் நூலாக வெளியிட்டார். நம் நாட்டில் கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்' இந்தித் திரைப்பாடல் களஞ்சியத்தை 1980 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பழந்தட்டுச் சேகரிப்போர் மும்பையில் 1990-இல் ஒரு சங்கமே அமைத்தனர். இவர்களுள் பலர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பாட்டின் மீது பற்றும், பிழையின் மீது வெறுப்பும் கொண்ட சாமானியர்.

குறிப்பேட்டை மூடியபோது நம் நெஞ்சில் எழுந்தது வேறோர் எண்ணம். இந்த முறை நமக்குப் புதியதா? இஸ்னாது இல்லையேல் எவரும் எதையும் சொல்லிவிடுவர் என்று அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) எச்சரித்ததை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். ஹதீஸின் புனிதத்தோடு பாட்டுத்தட்டை நாம் ஒப்பிடவில்லை, அல்லாஹ் காப்பானாக! ஒப்பிடுவது முறையை மட்டுமே. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், எப்போது, எந்த வாசகத்தில் என்னும் அதே கேள்விகளைத்தான் அந்த இளைஞர் ஓர் ஆங்கிலக் குழுவின் தட்டுகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கே அவ்வாறு கேட்டவர்களும் நம் முன்னோரில் உண்டு. ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 100 பாடல்களைத் தொடக்கமாகக் கொண்டு, அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானீ 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை ஆக்கினார். அவர் மறைந்தது 967-இல். கவிதையை யாத்தவர் யார், இசையமைத்தவர் யார், தாளம் யாது, யார் வாயிலாக அச்செய்தி தமக்கு வந்தது என்று பாட்டுக்குப் பாட்டு எழுதி வைத்தார். பக்தாதில் நூல் வணிகரான இப்னுன் நதீம் ஹிஜ்ரி 377-இல், அதாவது 987-இல், 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். ஒரு நூலை ஆசிரியரின் கையெழுத்திலேயே தாம் கண்டிருந்தால் அதையும் குறித்தார். ஒரு கவிஞரின் பாடல்கள் இத்தனை ஏடு என்று எழுதும்போது, தாம் கணக்கிடும் ஏடு பக்கத்துக்கு 20 வரி கொண்டது என்றும் விளக்கினார். தட்டின் சுற்று 78-ஆ, 45-ஆ, 33-ஆ என்று இன்றைய பட்டியல்காரர் குறிப்பதும் இதே நேர்மைதான்.

இத்தகைய மரபுக்குரிய நாம், நம் வீட்டுப் பாட்டுக்கு என்ன செய்தோம்?

இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் குரல் கேளாத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? 1925 டிசம்பர் 25-இல் பிறந்து, 2015 ஏப்ரல் 8-இல் இறையடி சேர்ந்த அப்பெருமகனார், இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் திரையிலும் மேடையிலும் பாடினார். 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனுடன் பாடினார்; 1992-இல் வந்த 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையில் பாடினார். திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைதோறும் அவர் குரல் முழங்கிற்று. ரமலான் இரவுகளிலும், மீலாது விழாக்களிலும், திருமணப் பந்தல்களிலும் அவர் பாட்டே ஒலித்தது. ஆனால் அவர் பதிந்த முதல் தட்டு எது, இரண்டாவது எது, எந்தப் பாட்டை இருமுறை பதிந்தார், யார் எழுதினார் என்று நம்மில் எத்தனை பேர் சொல்ல வல்லோம்?

நம் குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில், புகழ்பெற்ற பாட்டொன்றைப் பாராட்டிப் பேசி, அதை இன்ன புலவர் இயற்றினார் என்று உறுதிபடக் கூறினோம். நமக்கு முன் பேசிய எவரோ அப்படிச் சொல்லக் கேட்டதே நமக்கிருந்த ஆதாரம். கூட்டம் முடிந்ததும் முதியவர் ஒருவர் மெல்ல வந்து, "ஹஜ்ரத், எங்கள் வீட்டில் அந்தப் பிளேட்டு இருக்கிறது. அதில் வேறு பெயர் போட்டிருக்கிறதே!" என்றார். மறுநாள் துணியில் பொதிந்து எடுத்தும் வந்தார். வட்டத் தாளில் வேறொருவர் பெயர் தெளிவாக இருந்தது. நாட்கணக்கில் எழுதி எழுதித் திருத்திய ஒருவரின் உழைப்பை, ஒலிபெருக்கியின் முன் ஒரே வாக்கியத்தில் பறித்து இன்னொருவர்க்கு ஈந்துவிட்டோம். ஹதீஸ் பாடம் நடத்தும் நாவால் இது நேர்ந்ததே என்ற வெட்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இந்தப் பிழை எவ்வாறு பரவுகிறது என்பதைப் பின்னர் ஆராய்ந்தோம். 78 சுற்றுத் தட்டுகள் நம் நாட்டில் 1970-களின் தொடக்கத்தோடு நின்றன. 45 சுற்றுத் தட்டும் நெடுந்தட்டும் அவ்விடத்தைப் பிடித்தன. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை 1980-களில் நம் வீடுதோறும் நுழைந்தது. பல தட்டுகளின் பாடல்கள் ஒரே நாடாவில் தொகுக்கப்பட்டபோது, பாடகர் பெயர் பெரிதாயிற்று. பாடலாசிரியர் பெயர் பல நாடாக்களில் காணாமற் போயிற்று. குறுந்தகட்டிலும் கைபேசியிலும் அந்தக் குறையே வளர்ந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்று தொடங்கும் பாட்டைச் சமய வேற்றுமையின்றித் தமிழகமே அறியும். அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்? நாகூர்ப் புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் போன்றோர் எழுதித் தந்தவற்றுள், எழுதியவர் பெயரோடு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை எத்தனை? பாடகரின் புகழுக்கு இதனால் பெருமை கூடுவதில்லை. எழுதியவரின் உரிமை மட்டும் குறைகிறது.

ஆகவே பட்டியல் வேண்டும். அந்த இளைஞரும் நாமும் ஒரு புதிய குறிப்பேட்டைத் தொடங்கியுள்ளோம். 78 சுற்று, 45 சுற்று, நெடுந்தட்டு, ஒலிநாடா என வடிவத்துக்கு ஒரு பகுதி. திரைப்பாடலுக்கு ஒரு பகுதி. கச்சேரிகளில் அன்பர்கள் பதிந்து வைத்த நாடாக்களுக்குத் தனிப் பகுதி. தட்டை நேரில் கண்டு எழுதியதற்கு ஓர் அடையாளம். பிறர் சொல்லக் கேட்டு எழுதியதற்கு வேறோர் அடையாளம். இரண்டும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. ஆண்டு தெரியாவிடில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஊகித்து நிரப்புவதினும் வெறுமை நன்று.

இங்கே இரு தடைகள் எழுந்தன. "மார்க்கப் பாடல்களை மட்டும் எழுதுங்கள், கட்சிப் பாட்டும் சினிமாப் பாட்டும் எதற்கு?" என்றார் நண்பர் ஒருவர். "இசைக்கருவியோடு பாடுவதே கருத்து வேறுபாட்டுக்குரியது, ஆலிம் ஒருவர் இதில் இறங்கலாமா?" என்றார் மற்றொருவர். இருவரும் நன்னோக்கத்தோடுதான் கேட்டனர். முதல்வருக்கு நாம் சொன்ன விடை, இப்னுன் நதீமின் பட்டியலே. பத்துப் பகுதிகளாக அமைந்த அந்நூலில் குர்ஆனிய அறிவுக்கும் ஃபிக்ஹுக்கும் இடமளித்த அவர், பிற சமயத்தார் நூல்களையும் கட்டுக்கதை நூல்களையும் விலக்கவில்லை. தமக்கு உவப்பானதை மட்டும் எழுதியிருந்தால் அவரது ஏடு மெலிந்திருக்கும். நாம் அதை நம்பவும் மாட்டோம். இரண்டாமவர்க்குச் சொன்னோம்: இசையைப் பற்றிய ஃபிக்ஹுத் தீர்ப்பு வேறு; நிகழ்ந்தது இது என்னும் சாட்சியம் வேறு. தீர்ப்பில் அறிஞர்கள் வேறுபடலாம். சாட்சியத்தில் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் உரிமையில்லை.

இந்தியாவில் இசைத்தட்டு பிறந்த கதையில் ஒரு செய்தியுண்டு. 1902-இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் பதிவு நடந்தபோது, கௌஹர் ஜான் என்னும் பாடகி பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். தட்டை அச்சிட்டவர்கள் ஜெர்மனியில் இருந்தனர். யார் பாடியது என்று அவர்கள் அறிந்து பெயரை அச்சிட அது உதவிற்று. பாடியவர்க்குத் தம் பெயரைச் சொல்ல ஒரு வாய்ப்பிருந்தது. எழுதியவர்க்கு அந்த வாய்ப்பில்லை. அவர் சார்பில் நாம்தான் சொல்ல வேண்டும்.

நாம் வாழும் இந்நகர், மறைமலையடிகளின் பெயர் தாங்கியது. தாம் சேர்த்த நூல்களையெல்லாம் தமக்குப்பின் மக்களுக்குப் பயன்படுமாறு விட்டுச் சென்றவர் அவர். அவர் பெயரால் 1958-இல் சென்னையில் ஒரு நூலகமும் எழுந்தது. நம்மிடமோ நூலகமில்லை. மேல்மாடத்துத் தகரப் பெட்டிகளும், அலமாரியின் அடித்தட்டுகளும், பேழை உடைந்த நாடாக்களும்தாம் உண்டு.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்தில் ஒரு பழைய தட்டு இருக்குமாயின், அதைப் பழைய சாமான்காரனிடம் போடுமுன் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வட்டத் தாளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதுங்கள். உள்வளையத்து எண்ணையும் எழுதுங்கள். பெற்றோரோ பாட்டனாரோ அதை எங்கே, எப்போது வாங்கினர் என்று வீட்டில் மூத்தோர் எவரேனும் இருப்பின் இன்றே கேட்டு, கேட்டது இன்னாரிடம் என்றும் சேர்த்தெழுதுங்கள். அந்தப் பிளேட்டைத் துணியில் பொதிந்து கொணர்ந்து நம்மைத் திருத்திய முதியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் காட்டிய தட்டே நம் குறிப்பேட்டின் முதல் கட்டத்தில் இடம் பெற்றுள்ளது. எதிரே, "நேரில் கண்டது" என்று எழுதியிருக்கிறோம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பிக்கும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் தருவானாக! ஆமீன்.