பதுளைத் தோட்டத்து மரணச் சங்கமும் நியூயார்க் யூதரின் ஊர்ச் சங்கமும்

இலங்கை மலையகத்தில் யூதர் என்றதும் புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டம்தான் நினைவுக்கு வரும். 1841-ல் அங்கே காப்பித் தோட்டம் திறந்த டி வொர்ம்ஸ் சகோதரர்கள், தாய்வழியில் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தவர்கள். ஆனால் தோட்டத்து மக்களோடு ஒப்புநோக்க வேண்டிய யூதர் அந்தத் துரைமார் அல்லர். ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலேறி நியூயார்க்கில் தையல் வேலைக்கு அமர்ந்த ஏழைகள்.

அவர்களின் சங்கங்கள் விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கின: பியாலிஸ்டாக், மின்ஸ்க். 1938-ல் கணக்கெடுத்தபோது நியூயார்க்கில் இப்படி ஏறத்தாழ 3,000 சங்கங்கள் இருந்தன. பதுளை, மொனராகலைப் பக்கத்து மரண உதவிச் சங்கங்களோ வந்துசேர்ந்த தோட்டத்தின் பெயரையே தாங்குகின்றன. விட்டுவந்த திருச்சியோ சேலமோ அவற்றில் இல்லை. காரணம் மறதி அன்று என்பது என் எண்ணம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி ஆள் கட்டியபோது உறவையும் ஊரையும் சேர்த்தே கட்டிவந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்திலேயே ஊர் இருந்தது. யூதருக்குக் கப்பல் அப்படி ஊரைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. தனித்தனியே வந்தவர்கள் சங்கம் வைத்துத்தான் ஊரை மீட்டார்கள்.

இருவகைச் சங்கங்களும் சாவிலிருந்தே தொடங்குகின்றன. 1843-ல் நியூயார்க்கில் பன்னிருவர் கூடித் தொடங்கிய ப்னே ப்ரித் சங்கம், உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 30 டாலரும் விதவைக்கு வாரம் ஒரு டாலரும் தர ஏற்பாடு செய்தது. பின்னால் வந்த ஊர்ச் சங்கங்கள், துக்கம் காக்கும் ஏழு நாளும் வேலைக்குப் போக முடியாதவருக்கு அந்த இழப்பை ஈடுகட்டின. தோட்டத்திலும் அதே கணக்குத்தான்: வேலைக்குப் போகாத நாளில் பேர் (நாள் வேலைப் பதிவு) இல்லை, பேர் இல்லாத நாளில் சம்பளம் இல்லை. சாவு வீட்டுக்குச் சங்கம் பணம் கொடுக்கிறது. நாற்காலியும் கொட்டகையும் வந்துசேர்கின்றன. குழிவெட்ட ஆட்கள் போகிறார்கள்.

வடிவத்தை இரு தரப்பும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டன. ஃப்ரீமேசன் போன்ற சகோதரத்துவச் சபைகளிலிருந்து தோள்பட்டிகளையும் இரகசியச் சொற்களையும் யூதர் எடுத்தார்கள். தோட்டத்தாருக்குத் தொழிற்சங்கம் தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பேடு என்ற ஒழுங்கைக் கொடுத்தது. என்னை வியக்கவைப்பது இதில் அடங்கிய வாக்குரிமை. ஜார் ஆட்சியில் அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அறியாதவர்கள், பியாலிஸ்டாக் சங்கத்தில் கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தார்கள். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் தங்கள் சங்கத்தில் தலைவரைத் தேர்ந்தார்கள். பதுளையும் மொனராகலையும் அடங்கிய ஊவாவுக்கு இது புதிதும் அன்று. 1940-லேயே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் தொழிலாளர் சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்தே நடக்கத் துரையும் ஒப்புக்கொண்டார்.

வேற்றுமை மண்ணில் இருக்கிறது. யூதச் சங்கம் முதலில் சேமித்தது கல்லறை நிலம் வாங்க. நியூயார்க் இடுகாடுகளில் வாயில்தூண்கள் நின்று, சங்கத்தின் பெயரையும் நிர்வாகிகளின் பெயர்களையும் கல்லில் காட்டுகின்றன. தோட்டத்துச் சங்கம் எவ்வளவு சேமித்தாலும் மயானத்தை வாங்க முடியாது. அது தோட்டத்து நிலம். வெள்ளையரிடமிருந்து அரசுக்கும், 1992-ல் குத்தகையாகக் கம்பெனிகளுக்கும் கைமாறிய நிலம். புதைக்கும் உரிமை வழக்கத்தால் வந்தது, பத்திரத்தால் அன்று.

எதிர்பாராத உறவு ஒன்று இந்த வேற்றுமைக்குப் பின்னும் மிஞ்சுகிறது. 1945-க்குப் பிறகு ஊர்ச் சங்கங்கள், நாஜிகளால் அழிக்கப்பட்ட தம் ஊராருக்காக அதே இடுகாடுகளில் உடலில்லாத நினைவுக்கற்களை நட்டன. 2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்களுக்குக் குழிவெட்டும் வேலை சங்கத்துக்கு இருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் உறவினர் கூடி விளக்கேற்றுகிறார்கள்.